வரிச் சலுகையில் வந்த சைக்கிள்

அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே எனக்குப் பயம் வந்துவிட்டது. சைக்கிளைக் குறை சொல்லவில்லை. கறுப்பும் பச்சையுமாக, கியரெல்லாம் வைத்து, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நல்ல லட்சணமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஹேண்டில்பாரைத் துண்டால் துடைப்பதும் தள்ளி நின்று பார்ப்பதுமாக இருந்தார். எனக்குப் பயம் அது போகப்போகிற ரோட்டை நினைத்துத்தான்.

நாங்கள் இருப்பது முத்தையாபுரத்தில். அங்கிருந்து துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. இரண்டு பக்கமும் உப்பளம். ரோட்டோரத்தில் டிரெய்லர் லாரிகள் தங்கள் முறைக்காக வரிசையாக நிற்கும்; டிரைவர்கள் அதன் அடியிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். ஓரத்தை அவர்கள் அடைத்துக்கொண்டால் சைக்கிள்காரன் நடு ரோட்டுக்குத்தான் வர வேண்டும். நடு ரோட்டில் நிலக்கரி லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டரில் போவதற்கே நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவேன்.

அவர் துறைமுகத்துக்குள் சரக்கு இறக்குகிற ஒரு கம்பெனியில் கிரேன் எலெக்ட்ரீசியன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். ஒருநாள் எல்லாரையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு லட்டு கொடுத்து, இனிமேல் நீங்கள் தொழிலாளிகள் இல்லை, ஒவ்வொருத்தரும் காண்டிராக்டர், உங்களுக்கு நீங்களே முதலாளி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாளும் அதே ஹெல்மெட், அதே கேட், அதே கிரேன், அதே சூப்பர்வைசரிடம் அதே வசவு. பி.எஃப். நின்றது, இ.எஸ்.ஐ. நின்றது. சம்பளத்துக்குப் பதிலாக மாதக் கடைசியில் இவர் பில் போட வேண்டும். அதில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். "முதலாளி எதுக்குச் சோறு திங்கப் போக சூப்பர்வைசர்ட்ட கேக்கணும்?" என்று நான் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

நான் டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கிளார்க். ஊரார் வரிக் கணக்கையெல்லாம் தட்டச்சு செய்து அனுப்புவதுதான் என் பிழைப்பு. அதனால் கம்பெனியில் சைக்கிள் திட்டம் வந்திருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது, கதை விடுவதற்கு அவர் சரியான ஆளைப் பிடிக்கவில்லை.

"ஏளா, சைக்கிள் வெலய மாசா மாசம் பில்லுலயே கொறச்சுக்கிடுவாங்க. பில்லு கொறஞ்சா வரியும் கொறையும். வரி மிச்சம், பாத்துக்கோ."

"உங்களுக்கு ஏது வரி? பிடிக்கிற வரி பூராவும் ரீஃபண்டா திரும்பி வருதுலா? நான்தான வாங்கித் தாரேன்?"

"அது எப்பமோ வருது. இது இப்பவே கைல நிக்கும்லா."

"நிக்கும், நல்லா நிக்கும். அந்தக் காசுல ஒரு நேரத்துக்குச் சீலா மீன் கெடைக்குமான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வரியை மிச்சம் பிடிப்பதெல்லாம் ஆபீசர்கள் செய்கிற காரியம் என்றே அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது அவரும் வரி மிச்சம் பிடிக்கிற ஆள். சென்னையிலிருந்து வந்த ஹெச்.ஆர். அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டி, 'சார்' என்று கூப்பிட்டு விளக்கியிருக்கிறார். அந்த மிதப்பை நான் ஒரு மீன் விலையில் உடைத்தது தப்புதான். ஆனாலும் நான் சொன்னது நிஜம். எங்கள் ஆடிட்டர் சாரிடம் கேட்டதற்கு அவரும், "வரி கட்டுறவனுக்கு நல்ல திட்டம்மா. உன் வீட்டுக்காரருக்கு இதுல ஒண்ணும் கிடையாது. உடம்புக்கு நல்லதுன்னு வச்சுக்கோ" என்று சிரித்தார்.

வேண்டாம் என்று விடவும் வழியில்லை. திட்டம் தொடங்கிய மாதமே கேட்டுக்குப் பக்கத்தில் காண்டிராக்டர்கள் பைக் நிறுத்துகிற இடத்தைக் கம்பி கட்டி அடைத்துவிட்டார்கள். புகையைக் குறைக்கிறார்களாம். நிலக்கரி இறக்குகிற இடத்தில் இவர் பைக்கின் புகைதான் அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது! பச்சை பேனருக்கு முன்னால் எல்லாரையும் சைக்கிளோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். "ரோட்டுல ஏதும் ஒண்ணு ஆனா யாரு பொறுப்புன்னு கேட்டியளா?" என்று அன்றைக்கு இரவு கேட்டேன். "எல்லாரும் நிக்கையில அத எப்பிடிளா கேக்க?" என்றார்.

மார்கழி, தை, மாசி ஒரு குறையும் இல்லை. தொப்பை கரைந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். ரத்தம் சோதித்த சீட்டை இவர் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே ஆட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், சும்மா பயந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

ஆனி பிறந்தது. எங்கள் பக்கத்துக் காற்றுக்காலம் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. காயப்போட்ட சேலை அடுத்த தெருவில் கிடக்கும். சோற்றில் மண் விழும். பேசினால் வாயில் மண் விழும். காலையில் துறைமுகத்துக்குப் போகையில் அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும், மிதிக்கவே வேண்டாம். சாயங்காலம் திரும்புகையில் அதே காற்று நெஞ்சுக்கு நேரே நிற்கும். கிரேன் மேல் ஏறி இறங்கி ஓய்ந்துபோன உடம்பு அதை எதிர்த்து மிதிக்க வேண்டும். முதல் வாரம் அவர் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே தரையில் படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் விளக்கு வைக்கும் முன்னாலேயே வந்தார். மூச்சு வாங்கவில்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினார். எனக்கு அதுதான் உறுத்தியது. தட்டில் சோறு போட்டபோது அவருடைய வலது கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் குறுக்கே தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்ன இது?"

"வயரு இழுத்தேன்."

"வயரு இழுத்தா கையில தேங்காநாரு ஒட்டுமா? யாருகிட்ட கத விடுதிய?"

அப்புறம் உண்மை வந்தது. துறைமுகத்திலிருந்து வெளியே வருகிற நிலக்கரி லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றின் நுனியைப் பின்சக்கரத்துப் பக்கத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டால் லாரி இழுத்துக்கொண்டு வரும், சைக்கிளை மிதிக்க வேண்டாம். உப்பளத்து ஆட்கள் காற்றுக்காலத்தில் அப்படிப் போவது வழக்கம்தான். உள்ளூர் டிரைவர்களுக்கும் அது தெரியும். பிரேக் போடுவதற்கு முன்னால் இரண்டு தடவை ஆரன் அடிப்பார்கள். கேட்டதும் கையை விட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பிடிப்பதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. அந்த இரண்டு ஆரன்தான் அவர்களுக்குள் பேச்சு.

"சேசுவே! ஒங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

"கத்தாத. எங்கய்யாவும் இப்பிடித்தான் போவாரு."

"ஒங்கய்யா காலத்துல டிரைவரு எல்லாவனும் இந்த ஊரு ஆளு. இப்ப யாரு ஓட்டுதான்னு பாத்தியளா?"

அவர் தட்டிலேயே கையைக் கழுவினார். அதைப் பார்க்காமல் விடுகிற ஆள் நான் இல்லை. மறுநாள் மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, லாரிகள் நிற்கிற இடத்தில் இருக்கும் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்த டிரைவர்களில் பாதிப்பேர் இந்தி பேசுகிற பிள்ளைகள். மீசை முளைத்து நாலு நாள் ஆனவர்கள். டீக்கடை அண்ணாச்சிக்கு அவர்கள் பாஷை கொஞ்சம் வரும். லாரிக்குப் பின்னால் சைக்கிள்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவது தெரியுமா என்று ஒருவனிடம் கேட்கச் சொன்னேன். அவன் சிரித்தான். எந்தப் பைத்தியக்காரன் அப்படிச் செய்வான் என்று திருப்பிக் கேட்டானாம். கண்ணாடியில் தெரியாதா என்றேன். ஏறிப் பார் என்று கையைக் காட்டினான். வெட்கத்தை விட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு படியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியில் தார்ப்பாயின் வயிறுதான் தெரிந்தது. கடைசிச் சக்கரம் இருக்கிற இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவன்தான் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏளா, நாங்க என்ன கண்ட வண்டியிலயுமா பிடிக்கோம்? நம்ம ஊரு வண்டியாப் பாத்துத்தான் பிடிப்போம். மயில் வண்டின்னா சாயர்புரத்து அண்ணாச்சிதான் ஓட்டுவாரு. அவரு ஆரன் அடிக்காம பிரேக்குல கால வைக்க மாட்டாரு" என்றார். மயில் வண்டி என்றால் பின்கதவில் மயில் வரைந்த லாரி.

"வண்டியா பிரேக் போடுது? ஓட்டுதவன்லா போடுதான்?"

"வண்டி வந்தா அவருதான் வருவாரு."

அன்றைக்கு நான் விடவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நிற்கவைத்து, இனிமேல் கயிற்றைத் தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவரும் செய்தார். அவர் செய்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டதும் ஸ்கூட்டரைத் துறைமுக கேட்டுக்கு விட்டேன். அவர் சைக்கிளில் வெளியே வந்ததும் பின்னாலேயே மெதுவாக வருவேன்.

அவருடைய செட்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, என்னை மயினி மயினி என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படி வரைக்கும் வருவார். அந்தத் தம்பி லாரிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகையில், "அண்ணனுக்குப் போலீஸ் பந்தோபஸ்து வந்தாச்சு டோய்!" என்று கத்திவிட்டுப் போவார். மற்றவர்கள் விசில் அடிப்பார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, முதுகு நனைய, காற்றை முட்டி முட்டி மிதிப்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டுக்கு வந்தும் என்னிடம் பேச மாட்டார். பேசாவிட்டால் போகட்டும், ஆள் முழுசாக வந்து சேர்ந்தால் சரி என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜூலைக் கடைசி வந்தது. ஆடிட்டர் ஆபீஸில் அந்த நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. கடைசித் தேதிக்கு முன்னால் எல்லாருடைய கணக்கையும் அனுப்ப வேண்டும். ஊர் முழுக்க எங்கள் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் கிளம்ப முடியாது என்று தெரிந்ததும் அவருக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு என்னால வர முடியாது. கயித்தத் தொட்டுராதிய."

"ம்."

"என்ன ம்? வாயத் தொறந்து சொல்லுங்க."

"சரிளா, வை. கிரேன் மேல நிக்கேன்."

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. கை கம்ப்யூட்டரில் இருந்தது, மனசு ரோட்டில் இருந்தது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ காகிதத்தை மடித்துச் சொருகியும் நிற்கவில்லை. வெளியே வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் வந்தது. அந்தத் தம்பிதான்.

"மயினி, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க."

"உசுரு இருக்கா?"

"இருக்கு. வாங்க மயினி."

நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அந்தத் தம்பிதான் சொன்னார். கேட்டை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள், காற்று ஆளைத் தள்ளியிருக்கிறது. மயில் வண்டி வந்தது. மயிலைப் பார்த்ததும் இரண்டு பேரும் பிடித்துவிட்டார்கள். சாயர்புரத்து அண்ணாச்சி அன்றைக்கு வரவில்லை. ஆத்தூரில் மச்சான் வீட்டு விசேஷம் என்று லீவு சொல்லியிருந்தார். லாரி முதலாளி வேறு ஒரு பிள்ளையை ஏற்றி அனுப்பியிருந்தார். முன்னால் ஒரு கார் சடாரென்று நிற்க, அந்தப் பிள்ளை பிரேக் போட்டுவிட்டான். ஆரன் அடிக்கவில்லை. எதற்காக அடிப்பான், அவனுக்கு என்ன தெரியும்! தம்பி ஓரமாகத் தாவி மண்ணில் விழுந்தார். என் வீட்டுக்காரர் சைக்கிளோடு பின்சக்கரத்துக்கு உள்ளே போய்விட்டார். லாரி நின்ற பிறகு அந்தப் பிள்ளை இறங்கி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதானாம்.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்தபோது அவர் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "மயில் வண்டிதான்ளா. நம்ம வண்டிதான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆரன் அடிக்கவே இல்ல" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தியத்தை மீறிவிட்டீர்களே என்று அப்போது கேட்கவில்லை. சரி சரி என்று நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த ஹெச்.ஆர். அதிகாரி ஆப்பிள் பையோடு வந்தார். சின்ன வயசு, இஸ்திரி குலையாத சட்டை. கட்டிலைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். எம்ப்ளாயியா இருந்தா வேலைக்கு வந்துபோற வழியில நடந்ததுக்கும் நஷ்டஈடு கேக்க வழியிருக்கு. சார் காண்டிராக்டர். தனி பிசினஸ். அவர் டிராவல் அவரோட பொறுப்பு."

"தனி பிசினஸ்னா, அவரு பைக்குல வரக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு தம்பி?"

"அது கம்பெனி பாலிசி மேடம்."

"சைக்கிளக் கொடுத்தது யாரு?"

"அது டாக்ஸ் சேவிங்ஸுக்காக மேடம். அவங்க நல்லதுக்குத்தான் கொடுத்தோம்."

அவர் மனசாரத்தான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அவரைக் கடித்துக் குதறிவிடலாம் போல வந்தது. ஆப்பிள் பையைத் தூக்கி வராந்தாவில் எறிந்தேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. நர்ஸ் வந்து என்னைத் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு ஆடிட்டர் சார் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார், கேஸ் நடக்கிறது. கட்டிலில் கிடக்கிறவர் தொழிலாளியா முதலாளியா என்பதுதான் கேஸ்.

ஆவணியிலும் காற்று ஓயவில்லை. அவருடைய கருவிப் பை கம்பெனியிலேயே கிடந்தது. டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் அவர் சொந்தமாக வாங்கியவை, அதையாவது எடுத்துக்கொண்டு வா என்று கேட்டார். ஒரு சாயங்காலம் போனேன். கேட்டிலேயே கொடுத்துவிட்டார்கள். பையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஷிப்ட் விட்ட நேரம். காற்று ஸ்கூட்டரையே ஆட்டியது.

முன்னால் நிலக்கரி ஏற்றிய ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் மூன்று சைக்கிள்கள். மூன்றும் கறுப்பும் பச்சையும். கடைசியாகக் கயிற்றைப் பிடித்திருந்தது அந்தத் தம்பி. என் வீட்டுக்காரரின் ரத்தம் தன் சட்டையில் காய்ந்துபோக விடிய விடிய ஆஸ்பத்திரியில் நின்ற அதே தம்பி.

"தம்பி! கைய விடும்! கைய விடும்யா!"

பக்கத்தில் போய்க் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"காத்து, மயினி" என்றார். கையை விடவில்லை.

எனக்கு வெறி வந்துவிட்டது. ஸ்கூட்டரை முறுக்கி லாரியை ஒட்டி முன்னேறி, டிரைவர் கதவுக்கு நேரே போனேன். பின்னால் ஆள் தொங்குகிறது, நிறுத்து என்று சொல்வதற்குக் கையைத் தூக்கி ஆட்டினேன். உள்ளே புதுப் பிள்ளை. தலையில் துண்டைச் சுற்றியிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, என்ன என்பதாகத் தலையை எக்கினான். வண்டியின் வேகம் லேசாகக் குறைந்தது. பின்னாலிருந்து, "ஏலே!" என்று ஒரு அலறல் காற்றில் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இன்னொரு தடவை கையை ஆட்டினால் அவன் ஆரன் அடிக்காமலே பிரேக்கை மிதிப்பான்.

கையை இறக்கி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றுமில்லை, போ என்று தலையை அசைத்தேன். அவன் நம்பாமல் என்னையே பார்த்தான். அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டு வண்டியை விட்டான். முத்தையாபுரம் விலக்கு வரைக்கும், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல், அவன் பக்கத்திலேயே அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.